தோட்டத்தில் குடியிருப்பவருக்கே தங்கல் உரிமம்

உதகைக்கோ கொடைக்கானலுக்கோ போக இன்று இ-பாஸ் வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்த இந்த ஏற்பாடு, 2025 கோடையில் இன்னும் இறுகியது. நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, வார இறுதியில் 6,000 என்று வரம்பு விதிக்கப்பட்டது. மலை தாங்கும் சுமைக்கு ஓர் எல்லை உண்டு என்பதை நீதிமன்றம் எடுத்துச் சொல்லவேண்டிய நிலைக்கு நாம் வந்துவிட்டோம். அங்கே இடம் கிடைக்காத கூட்டம் அடுத்து ஏற்காட்டையும் கொல்லிமலையையும் நோக்கித்தான் திரும்பும். பெங்களூரிலிருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டரில் சேலம்; அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு. கொல்லிமலைக்கு 70 வளைவுகள். இந்த இரண்டு மலைகளின் மேலும் இன்னும் விடுதிகளைக் கட்டி, உதகை பட்ட பாட்டை இங்கேயும் வரவழைத்துக்கொள்ளப் போகிறோமா? மலைக்குக் கீழே, சேலம், நாமக்கல் மாவட்டங்களின் காவிரிக் கரைத் தோட்டங்களில், விவசாயக் குடும்பங்கள் குடியிருக்கும் வீடுகளிலேயே வெளியூர்க் குடும்பங்கள் பிள்ளைகளோடு வந்து தங்க வழி செய்ய வேண்டும் என்பதே என் வாதம். அதற்கான உரிமம், அந்தத் தோட்டத்தில் குடியிருந்து விவசாயம் செய்பவருக்கு மட்டுமே தரப்பட வேண்டும்.

இந்தச் சமவெளிக்கு இது புதிதாக ஒட்டவைக்கும் யோசனை அல்ல. தஞ்சைப் பக்கம் வீடுகள் ஊருக்குள் நெருங்கி நிற்கும். வயல் ஊருக்கு வெளியே இருக்கும். கொங்குப் பகுதியில் பாசனம் உள்ள நிலத்துக்குத் தோட்டம் என்றும், மானாவாரி நிலத்துக்குக் காடு என்றும் பெயர். விவசாயி அந்தத் தோட்டத்திலோ காட்டிலோ சாளை எனப்படும் வீடு போட்டு அங்கேயே குடியிருப்பார். கிணறு, மாட்டுக் கட்டுத்தரை, களம், வீடு எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். இன்று அந்தச் சாளைகள் பலவும் மாடி வீடுகளாகிவிட்டன. பிள்ளைகள் கோவை, பெங்களூரு, சென்னை என்றும் கடல் கடந்தும் வேலைக்குப் போய்விட, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் திறக்கும் அறைகள் அந்த வீடுகளில் பூட்டிக் கிடக்கின்றன. புதிதாக ஒரு செங்கல்கூட வைக்காமல் விருந்தினருக்குக் கொடுக்கத்தக்க அறைகள் அவை. வட்டிக்கு வாங்கி விடுதி கட்டுபவருக்கு அறை நிரம்பாத நாள் ஒவ்வொன்றும் நட்டம். சொந்த வீட்டில் காலியாக இருக்கும் அறையை வாடகைக்கு விடுபவருக்கு அப்படி ஒரு நெருக்கடி இல்லை.

வந்தவர்கள் எதைப் பார்ப்பார்கள் என்று கேட்பவர்கள் காவிரியை மறந்துவிடுகிறார்கள். 1934இல் கட்டி முடித்த, 120 அடி நீர்மட்டமும் 93.47 டி.எம்.சி. கொள்ளளவும் கொண்ட மேட்டூர் அணையிலிருந்து புறப்படும் ஆறு, பூலாம்பட்டியில் கதவணைக்குப் பின்னே தேங்கி அகன்று நிற்கிறது. அங்கிருந்து அக்கரை நெரிஞ்சிப்பேட்டைக்கு இன்றும் படகில்தான் ஆட்கள் போய் வருகிறார்கள். கீழே ஜேடர்பாளையம் படுகை அணையிலிருந்து பிரியும் ராஜா வாய்க்கால், உள்ளூர்த் தலைவர் அல்லாள இளைய நாயக்கர் வெட்டுவித்தது என்று மரபாகச் சொல்லப்படுவது, பரமத்திவேலூர் வட்டாரத்தின் வெற்றிலையையும் வாழையையும் கரும்பையும் வளர்க்கிறது. வெற்றிலைக் கொடிக்காலுக்குள் போனால் அகத்தி மரங்கள் வரிசையாக நிற்கும்; அவற்றைப் பற்றித்தான் கொடி ஏறும். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே ஈரமும் நிழலுமாக இருக்கும். பறித்த இலையை 100 எண்ணி ஒரு கவுளியாகக் கட்டுகிறார்கள். சற்றுத் தள்ளி ஆலைக் கொட்டகையில் கரும்புச் சாறு கொப்பரையில் கொதிக்கும். அழுக்கு நுரையாகத் திரண்டு மேலே வரும்போது அதை வடித்தெடுத்து, பாகு பதத்துக்கு வந்ததும் தொட்டியில் கொட்டி, சூடு முழுதும் ஆறுவதற்குள் கையால் உருட்டினால் உருண்டை வெல்லம். அது பிலிக்கல்பாளையம் ஏலத்துக்குப் போகும். வாழைத்தார் பரமத்திவேலூர் ஏலத்துக்குப் போகும். அடுக்குமாடிக் குடியிருப்பில் வளரும் பிள்ளைக்கு இவற்றைவிடப் பெரிய காட்சி எந்தப் பூங்காவில் இருக்கிறது?

உரிமையாளர் அங்கே குடியிருக்க வேண்டும் என்று நான் வலியுறுத்தக் காரணம், நம் கடற்கரை கற்றுத் தந்த பாடம். சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுகப் பண்ணை வீடு என்ற பெயரில் வாடகைக்கு விடப்படும் இடங்கள் பலவற்றில் பண்ணையும் இல்லை, வீட்டுக்காரரும் இல்லை. உரிமையாளர் நகரத்தில் இருப்பார். இங்கே சாவி காவலாளி கையில் இருக்கும். பிள்ளைகளோடு வந்த குடும்பத்துக்குப் பக்கத்து வளாகத்தில் விடிய விடிய ஒலிபெருக்கி அலறும். நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் எந்த மருத்துவரிடம் போவது என்று சொல்ல ஆள் இருக்காது. பக்கத்து மீனவக் குப்பத்துக்கும் அந்த மதில் சுவருக்கும் ஒட்டு உறவு கிடையாது. கடற்கரையில் இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. 2019 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, உள்ளூர்ச் சமூகத்தினர் தங்கள் வீடுகளைப் பயணிகளுக்குத் தரலாம் என்று அனுமதித்தது. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே திட்டம் உரிமையாளர் குடியிருக்கும் வீட்டையே ஏற்கிறது. ஆறு அறை, பன்னிரண்டு படுக்கைக்கு மேல் அனுமதிப்பதில்லை. கொச்சிக்குப் பக்கத்தில் உள்ள கும்பளங்கி 2003இல் மாதிரிச் சுற்றுலாக் கிராமமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. வந்தவர்கள் மீனவர் வீடுகளில் தங்கி, சீன வலை இறங்குவதையும் ஏறுவதையும் பார்த்து, வீட்டுச் சமையலைச் சாப்பிட்டார்கள். ஊரின் அன்றாடத் தொழிலே அந்த ஊருக்கு ஆட்களை வரவழைத்தது.

குடியிருப்பது மட்டும் போதாது, விவசாயம் நடக்கவும் வேண்டும். இத்தாலி 1985இலேயே பண்ணைத் தங்கலுக்குத் தனிச் சட்டம் செய்தது. 2006இல் அதைத் திருத்தி எழுதியது. விவசாயமே முதன்மைத் தொழிலாக இருக்க வேண்டும், விருந்தினரை வைத்துக்கொள்வது அதற்குத் துணைத்தொழில்தான் என்பது அந்தச் சட்டத்தின் அடிப்படை. நம் நாட்டில் மகாராஷ்டிரம் முன்னே நிற்கிறது. பாண்டுரங்க தாவரே 2005இல் பாராமதி பக்கம் தொடங்கிய வேளாண் சுற்றுலா முயற்சி பல மாவட்டங்களுக்குப் பரவி, 2020இல் அந்த மாநிலம் தனி வேளாண் சுற்றுலாக் கொள்கையே வெளியிட்டது. தமிழ்நாடும் 2023 சுற்றுலாக் கொள்கையில் ஊரக, தோட்டச் சுற்றுலாவை முன்னுரிமைப் பிரிவுகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. அதற்குள் இந்த நிபந்தனையை அழுத்தமாக எழுதாவிட்டால், தோட்டத் தங்கல் என்ற பெயரில் தென்னந்தோப்புகள் மனைகளாகக் கூறுபோட்டு விற்கப்படும். நான்கு வழிச் சாலை ஓரங்களில் பண்ணை வீட்டு மனை விளம்பரங்கள் ஏற்கெனவே நிற்கின்றன. வாய்க்கால் பாசன நிலம் ஒருமுறை மனையானால் மறுபடி வயலாகாது. வெற்றிலைக் கொடிக்காலைப் பார்க்க வருபவர்களுக்காகக் கொடிக்காலையே அழித்த கதையாக அது முடியும்.

இதில் விவசாயிக்கு என்ன கிடைக்கும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு அறைகள், அறைக்கு ஓர் இரவுக்கு 2,000 ரூபாய், வாரத்துக்கு இரண்டு இரவுகள், ஆண்டில் 40 வாரங்கள் என்று வைத்துக்கொள்வோம். எல்லா இரவும் நிரம்பினால் 3,20,000 ரூபாய். பாதி நிரம்பினால் 1,60,000. ஆள் கூலி, மின்சாரம், துணி வெளுப்பு, பழுது பார்ப்பது என்று அதிலும் பாதி போனால் 80,000 ரூபாய் கையில் நிற்கும். ஜி.எஸ்.டி. பதிவுக்கான 20 லட்ச ரூபாய் வரம்பின் பக்கத்தில்கூட வராத தொகை இது. பணக்காரராக்கும் வருமானம் இல்லைதான். ஆனால் வாழை போட்டவர் பத்துப் பன்னிரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். முகூர்த்தமும் ஆயுத பூசையும் வந்தால் தார் விலை ஏறும். மற்ற நாளில் சரியும். தார் தள்ளிய மரத்தை ஒரு மாலைக் காற்று சாய்த்துவிட்டால் போட்டதெல்லாம் போச்சு. அப்படிப்பட்ட பயிரை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு, காற்றோடும் ஏலத்தோடும் சம்பந்தமில்லாத ஒரு வருமானம் ஆண்டின் பல மாதங்களில் வருவது பெரிய தெம்பு. வந்தவர்கள் திரும்பும்போது வெல்லமும் தேங்காயும் ராசிபுரம் நெய்யும் வாங்கிப் போனால், நடுவில் ஆள் இல்லாமல் விற்கும் வழியும் திறக்கும்.

குடும்பத்துக்கு ஏற்ற இடம் என்று பலகை வைப்பவர் முதலில் பதில் சொல்ல வேண்டியது கட்டிலையும் குளியலறையையும் பற்றி அல்ல, தண்ணீரைப் பற்றி. இந்த வட்டாரத்துக் கிணறுகள் அகலமானவை, ஆழமானவை. பலவற்றுக்குக் கைப்பிடிச் சுவரே கிடையாது, தரையோடு தரையாக வாய் திறந்திருக்கும். அந்த வீட்டில் பிறந்த குழந்தைக்குக் கிணறு எங்கே என்று காலுக்கே தெரியும். அடுக்குமாடியிலிருந்து வந்து பட்டாம்பூச்சியைத் துரத்தி ஓடும் ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தெரியாது. ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்குத் திருச்செங்கோடு நாடறிந்த ஊர். அந்த ஊரைச் சுற்றியுள்ள காடுகளில் தண்ணீர் வராமல் கைவிட்ட குழிகளுக்கும் பஞ்சமில்லை. அவற்றை மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இலேயே நெறிமுறை வகுத்தது. அதன் பிறகும் 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் மூடாத ஒரு குழியில் விழுந்த குழந்தையை உயிரோடு மீட்க முடியவில்லை. ஆகவே கிணற்றுக்கு இடுப்புயரச் சுவரும் மேலே கம்பி வலையும், கைவிட்ட ஆழ்துளைக் குழிகளுக்கு நிரந்தர மூடியும் இருப்பதை அதிகாரி நேரில் பார்த்த பிறகே உரிமம் தர வேண்டும். குளிக்க ஆசைப்படும் பிள்ளைகளுக்குப் பம்புசெட் தொட்டி போதும். அதிலும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

காவிரியின் சங்கதி வேறு. 2018, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் மேட்டூர் நிரம்பி, நொடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கும் மேல் உபரி நீர் ஆற்றில் போனது. காலையில் பாறை தெரியும் இடத்தில் மாலையில் வெள்ளம் புரளும். மேலே அணையில் என்ன திறந்திருக்கிறார்கள் என்பது வெளியூர்க்காரருக்குத் தெரியாது. எந்தத் துறையில் இறங்கலாம், எந்த மடு ஆளை இழுக்கும் என்பதும் தெரியாது. அங்கேயே பிறந்து வளர்ந்த விவசாயிக்கு இரண்டும் தெரியும். இன்று ஆற்றுப் பக்கமே போக வேண்டாம் என்று அவர் சொன்னால் அந்தச் சொல்லுக்கு எந்த எச்சரிக்கைப் பலகையையும்விட மதிப்பு அதிகம். வீட்டுக்காரர் அங்கேயே இருக்க வேண்டும் என்ற நிபந்தனைக்கு இதைவிடப் பெரிய நியாயம் வேண்டியதில்லை. மாவட்ட நிர்வாகம் வெள்ள எச்சரிக்கை விடும்போது, பதிவு பெற்ற தோட்டத் தங்கல் வீடுகளுக்குக் கைப்பேசியில் நேரே தகவல் போகும்படி செய்வதும் கடினமான வேலை அல்ல.

கோடையில் சேலம் வெயிலில் யார் வந்து தங்குவார்கள் என்பது முதல் ஆட்சேபணை. நியாயமான கேள்வி. சித்திரை, வைகாசியில் இந்தச் சமவெளி மலைக்கு மாற்று ஆகாது. ஆகும் என்று விளம்பரம் செய்பவர் பொய் சொல்கிறார். ஆனால் விடுமுறை கோடையில் மட்டும் வருவதில்லை. மேட்டூரின் கிழக்கு, மேற்குக் கரைக் கால்வாய்களில் வழக்கமாக ஆகஸ்ட் 1 முதல் டிசம்பர் 15 வரை 137 நாட்கள் தண்ணீர் விடப்படுகிறது. 45,000 ஏக்கர் பாசனம் பெறுகிறது. ஆடிப் பதினெட்டு கழிந்ததிலிருந்து தைப் பொங்கல் வரை தோட்டம் பச்சையாக இருக்கும். காலாண்டு விடுமுறை, ஆயுத பூசை, தீபாவளி, அரையாண்டு விடுமுறை, பொங்கல் எல்லாம் இந்த மாதங்களில்தான் வருகின்றன. கோடையில் அறையைப் பூட்டிவைக்கலாம், அல்லது மாம்பழக் காலத்தில் சேலத்து மாந்தோப்புகளுக்கு விடிகாலையில் அழைத்துப் போகும் ஓரிரு நாள் தங்கலாகச் சுருக்கிக்கொள்ளலாம். கடன் வாங்கிக் கட்டாத அறை பூட்டிக் கிடந்தால் யாருக்கும் கேடில்லை.

இரண்டாவது ஆட்சேபணை இதைவிடக் கனமானது. விருந்தினர் வந்தால் அடுப்படியில் நிற்பது யார்? பால் கறந்து, சமைத்து, மாட்டுக்குத் தீவனம் வைத்து, களை வெட்டப் போகும் அதே பெண்தான் இனி வந்தவர்களுக்கும் சேர்த்து இட்லி ஊற்ற வேண்டும், போர்வை துவைக்க வேண்டும். பணம் மட்டும் ஆண் கைக்குப் போகும். இந்த ஆபத்து உண்மையானது. விதிமுறையிலேயே அதற்குப் பரிகாரம் வேண்டும். உரிமமும் வங்கிக் கணக்கும் அந்த வீட்டுப் பெண்ணின் பெயரில், குறைந்தபட்சம் கூட்டாக, இருக்க வேண்டும். சமையலையும் துணி வெளுப்பையும் ஊர் மகளிர் சுயஉதவிக் குழு கூலிக்கு எடுத்துச் செய்யலாம். 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் குழு இயக்கம் சேலத்துக்கும் விரைவிலேயே வந்து சேர்ந்தது. குழுவாக நின்று கணக்கு வைத்து நடத்தும் அனுபவம் இங்கே இரண்டு தலைமுறைக்கு உண்டு. நிலமில்லாத குடும்பங்களுக்கும் இந்த வருமானத்தில் பங்கு போக இதுவே வழி. சமையல், பரிசல், வழிகாட்டுதல், துப்புரவு எல்லாவற்றுக்கும் கூலி எழுத்தில் இருக்க வேண்டும். சாதி கேட்டு அறை கொடுப்பதும், சாதி பார்த்துத் தனித் தட்டு வைப்பதும் நடந்தால் உரிமம் அன்றைக்கே போக வேண்டும். விடுதி, உணவகம் முதலிய இடங்களில் நுழைய சாதியின் பெயரால் யாருக்கும் தடை கூடாது என்று அரசமைப்பின் 15ஆவது கூறு சொல்கிறது. காசு வாங்கிக்கொண்டு வீட்டைத் திறப்பவருக்கு வீடு என் சொந்த விஷயம் என்று சொல்லும் உரிமை கிடையாது.

பெரிய முதலீட்டாளர் வந்தால் நூறு பேருக்கு வேலை தருவாரே, அவரை ஏன் தடுக்க வேண்டும் என்பது மூன்றாவது கேள்வி. அவரை யாரும் தடுக்கவில்லை. அவர் நகரத்தில் ஓட்டல் கட்டலாம். பெங்களூரு–கன்னியாகுமரி நெடுஞ்சாலை சேலம், நாமக்கல், பரமத்திவேலூர் வழியாகத்தான் போகிறது, அங்கே தேவையும் இருக்கிறது. வாய்க்கால் பாசன நிலத்தில் ஐம்பது அறை விடுதி கட்டி அதற்குத் தோட்டத் தங்கல் என்று பெயர் வைத்து, சிறு விவசாயிக்கான சலுகையை எடுத்துக்கொள்ள மட்டும் அனுமதிக்கக் கூடாது. அப்படிப்பட்ட விடுதிக்கு நாளெல்லாம் தண்ணீர் வேண்டும். அதை ஆழ்துளைக் கிணற்றிலிருந்துதான் எடுப்பார்கள். பக்கத்துத் தோட்டக் கிணறு வற்றினால் அந்த நூறு வேலை யாருக்கு ஈடாகும்?

குறைகளை மறைக்கவும் கூடாது. நாமக்கல் நாள்தோறும் கோடிக்கணக்கில் முட்டை தரும் மாவட்டம். கோழிப்பண்ணை பக்கத்தில் இருந்தால் ஈயும் வாடையும் வரும். குமாரபாளையம், பள்ளிபாளையம் பகுதியில் சாயக்கழிவு காவிரியில் கலப்பது நீண்டகாலப் புகார். எந்த இடத்தில் எது உண்டு என்பதைப் பதிவேட்டில் உள்ளபடி எழுத வேண்டும். நகரத்துக் குடும்பங்கள் ஆற்றங்கரையில் வந்து தங்கத் தொடங்கினால், ஆறு சுத்தமாக இருக்க வேண்டும் என்று உரக்கக் கேட்கும் குரல்களும் கூடும். இதுவரை அந்தக் கோரிக்கையைத் தனியாக எழுப்பிவந்த விவசாயிக்கு அது பலம்.

மத்திய அரசின் 2025–26 நிதிநிலை அறிக்கை ஹோம்ஸ்டேக்களுக்கு முத்ரா கடன் என்று அறிவித்தது. கிணற்றுக்குச் சுவரும், மேற்கத்திய பாணிக் கழிப்பறையும், கழிவுநீர் வாய்க்காலில் கலக்காதபடி உறிஞ்சுகுழியும் அமைக்க அந்தக் கடன் போதும். மாநில அரசு செய்ய வேண்டியது, நான்கு அறைக்கு மேற்படாத தோட்டத் தங்கலுக்கு என்று தனி வகை ஒன்றை ஏற்படுத்தி, விண்ணப்பத்தை ஊராட்சி ஒன்றிய அளவிலேயே முடித்துக் கொடுப்பது. குடியிருப்புக்குக் குடும்ப அட்டை, விவசாயத்துக்கு அடங்கல் என்று சான்றும் இரண்டே கேட்டால் போதும். இரண்டும் விவசாயிக்கு எளிதில் கிடைப்பவை, நகரத்து மனை வணிகரால் எளிதில் காட்ட முடியாதவை. பரமத்திவேலூர், மோகனூர், எடப்பாடி ஆகிய மூன்று வட்டங்களில் வரும் ஆடிக்குள் இதைத் தொடங்கலாம். ஏற்காட்டுக்கும் இ-பாஸ் வரும்வரை காத்திருந்துவிட்டு அதன்பிறகு சமவெளியைப் பற்றி யோசிப்போம் என்றால், அதற்குள் அந்த நிலங்களை வேறு யாரேனும் கூறுபோட்டு விற்றிருப்பார்கள்.